புதுப்பிப்பு: செய்தி ஆய்வுக்கு கனடாவை எடுத்துக்கொண்டேன்

செய்தித்துறையின் எதிர்காலம் பற்றிய பேச்சை சமூக ஊடகம் எப்படித் திசைதிருப்புகிறது என்று ஆராயப் போவதாக முந்தைய இழையில் எழுதியிருந்தேன். எந்த நாடு என்று பலர் கேட்டீர்கள். கனடாதான்.

2023 ஜூனில் அங்கே இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியது. தங்கள் தளத்தில் வரும் செய்திகளுக்காகப் பெரிய இணைய நிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்றதும், மெட்டா அங்கே ஆகஸ்டிலிருந்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடா டாலர் தர ஒப்புக்கொண்டது.

அதே ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியதால் வடகனடாவில் உள்ள யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்தார்கள், சுமார் 20,000 பேர். கேபின் ரேடியோ என்ற உள்ளூர்ச் செய்தித்தளத்தின் இணைப்பைக்கூட ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள். அதில் தேதி வெட்டுப்பட்டால் நேற்றைய அறிவிப்பு இன்றையது போலச் சுற்றும். தீ நேரத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். என் ஆய்வின் மையம் இதுதான்.

தரவு கிடைப்பதுதான் பெரும்பாடு. ட்விட்டர் பதிவுகளை நிரல் மூலம் மொத்தமாக எடுக்க உதவிய இலவச ஏபிஐ வசதி 2023-லேயே போய்விட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பொதுப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று காட்டிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. ஆய்வாளர் கையிலிருந்து இவற்றைப் பிடுங்கியது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். சரி, பொதுப் பக்கங்களிலிருந்து கையாலேயே சேகரிக்கிறேன். அப்புறம், நாடாளுமன்றக் குழு விசாரணைப் பதிவுகளோடு ஒப்பிடப் போகிறேன்.

அந்தத் தீ நேரத்தில் யெல்லோநைஃபில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எதைப் பார்த்துக் கிளம்பினீர்கள் என்று எழுதுங்கள்.