சுடுதண்ணிப் போத்தல் சூடு பிடிக்காட்டிப் பிழை ஆரில?

வடமராட்சியான் (நெல்லியடி):
அம்மா ஆஸ்பத்திரியில. காலமை வீட்டில தேத்தண்ணி போட்டு, புதுசா வாங்கின ஒரு லீற்றர் சில்வர் பிளாஸ்க்கில ஊத்திக் கொண்டு பஸ் ஏறுறம். வாட்டுக்குள்ள விடுற நேரம் வரைக்கும் மூடியைத் திறக்கிறேல்லை. திறந்தால் ஆவி வராது. மனுசி ஒரு வாய் குடிச்சிட்டு, "பரவாயில்லை தம்பி" எண்டு வைச்சிடுவா. பெட்டியில "12 மணித்தியாலம் சூடு" எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. 3 மணித்தியாலம் கூடத் தாங்கேல்லை. வாங்கின கடைக்குக் கொண்டு போனால், "நீங்கள் பாவிக்கிற முறை பிழை" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்.

நான் சொல்லுறது இதுதான்: இப்ப வாற மலிவுப் போத்தல்களில கனக்க பிளாஸ்க்கே இல்லை. இரண்டு சுவர் இருக்கு, நடுவில வெற்றிடம் இல்லை, சும்மா காத்து. அதைப் பிளாஸ்க் எண்டு பேர் போட்டு விக்கிறது களவு. மற்ற ஆக்கள் என்ன சொல்லுறியள்?

பாத்திரக்கடைத் தம்பி (யாழ்ப்பாணம்):
அண்ணை, அம்மா கெதியாச் சுகமாகட்டும். ஆனால் எல்லாத்தையும் கடைக்காரரின்ர தலையில கட்டாதேங்கோ. நானும் பாத்திரக்கடைதான் வைச்சிருக்கிறன். திருப்பிக் கொண்டு வாற ஆக்களிட்ட ரெண்டு கேள்வி கேட்டாலே பாதி விசயம் வெளிச்சிடும். முதல்ல சுடுதண்ணி விட்டுப் போத்தலைச் சூடாக்கினீங்களோ? இல்லை. எவ்வளவு ஊத்தினீங்கள்? ஒரு லீற்றர் போத்தலுக்குள்ள ரெண்டு கோப்பை. தேத்தண்ணியை எப்பிடிப் போட்டீங்கள்? பாலை விட்டு, நுரைக்க நுரைக்க ஆத்தி. ஆத்தின தேத்தண்ணி உள்ள போகேக்கயே சூடு இறங்கித்தானே போகுது? அதோட மூடியில இருக்கிற சிலிக்கன் வாசரைக் கழுவக் கழட்டி, திருப்பிப் போடாமல் விட்ட ஆக்களும் இருக்கினம்.

வாங்கிற ஆக்கள் பிளாஸ்க்கை அடுப்பு மாதிரி நினைக்கினம். அது சூடாக்காது. குடுத்த சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும், அவ்வளவுதான்.

கோண்டாவில் அன்ரி:
ரெண்டு பேரும் சில்வரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். கண்ணாடிப் பிளாஸ்க்கை ஏன் விட்டனியள்? 1990க்குப் பிறகு, சண்டையால இங்க கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லாத காலத்தில, விறகடுப்பில காலமை ஒருக்காத் தண்ணி கொதிக்க வைச்சு எங்கட வீட்டுக் கண்ணாடிப் பிளாஸ்க்கில ஊத்தி வைப்பம். பின்னேரம் அதில பிளேன்ரீ போட ஏலும். 2022இல காஸும் இல்லை, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை எண்டு கிடந்தபோதும் அதேதான் கை குடுத்தது. உள்கண்ணாடி உடைஞ்சால் அதை மட்டும் வாங்கி மாத்தலாம். உந்தச் சில்வர் பழுதானால் பேணிதான்.

பௌதிக மாஸ்ரர் (திருநெல்வேலி):
கடைத்தம்பி சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொண்டும் எத்தனை பாகை எண்டு கணக்குப் பாராமல் அடுக்கக்கூடாது.

முதல்ல சூடாக்கிற கதையை எடுப்பம். ஒரு லீற்றர் போத்தலின்ர உள்சுவர் கால் கிலோ எண்டு வைப்பம். உருக்கின்ர தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான சக்தி, ஏறத்தாழ 500 யூல், தண்ணியின்ரது 4200. 30 பாகையில இருக்கிற போத்தலுக்குள்ள 95 பாகைத் தண்ணி ஒரு லீற்றர் விட்டால், போத்தல் குடிக்கிற சூடு ஏறக்குறைய 2 பாகை. அவ்வளவுதான். அதே போத்தலுக்குள்ள 200 மில்லிலீற்றர் மட்டும் விட்டால் 8 பாகைக்கு மேல உடனயே இறங்கும். ஆகவே கொஞ்சமா ஊத்திற ஆளுக்குச் சூடாக்கிறது பெரிய விசயம். நிரப்பி ஊத்திற ஆளுக்கு இல்லை.

அரைவாசி ஊத்தினால் அண்ணளவா ரெண்டு மடங்கு வேகத்தில ஆறும். ஏன் எண்டால் சுவராலயும் கழுத்தாலயும் மூடியாலயும் போற சூடு பெரிசாக் குறையிறேல்லை, உள்ள இருக்கிற சூடு மட்டும் பாதி.

இனி வடமராட்சியான் சொல்லட்டும். போத்தலை நிரப்பினீங்களோ? ஊத்தி 10 நிமிசத்தில வெளிச்சுவரைத் தொட்டுப் பாத்தீங்களோ?

வடமராட்சியான்:
மாஸ்ரர், கழுத்து வரைக்கும் நிரப்பித்தான் கொண்டு போறனான். பிளேன்ரீ, ஆத்திறேல்லை, கேத்திலில கொதிச்சு இறக்கின கையோட ஊத்திறது. வாசரும் இருக்கு. நீங்கள் கேட்டபடி இண்டைக்குப் பின்னேரம் தொட்டுப் பாத்தன். அடியில இருந்து மேல வரைக்கும் வெளிச்சுவர் முழுக்கச் சுடுது. கை வைச்சிருக்க ஏலாது.

பௌதிக மாஸ்ரர்:
அப்ப வழக்கு முடிஞ்சுது. அந்தப் போத்தலில வெற்றிடம் இல்லை. ஒண்டில் தொடக்கத்தில இருந்தே இல்லை, அல்லது கசிஞ்சு போட்டுது. நல்ல போத்தலில மூடியையும் கழுத்தையும் அண்டின இடம் மட்டும் இளஞ்சூடா இருக்கும், உடம்பு அறைச் சூட்டிலயே இருக்கும். கொதிதண்ணி விடப் பயமெண்டால் ஐஸ்தண்ணி விட்டுப் பாருங்கோ. எங்கட ஊர்க் காத்தில ஈரம் கூட. வெற்றிடம் இல்லாத போத்தல் கொஞ்ச நேரத்தில வெளியால வேர்க்கும்.

கொஞ்சம் அடிப்படையும் சொல்லுறன். 1892இல ஜேம்ஸ் டூவர் இதைச் செய்தது தேத்தண்ணிக்கு இல்லை, திரவமாக்கின வாயுக்களைக் குளிரா வைச்சிருக்க. ரெண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவில காத்தை உறிஞ்சி எடுத்தால் கடத்தலுக்கும் (தொட்டுப் பரவுற சூடு) மேற்காவுகைக்கும் (காத்து அசைஞ்சு கொண்டு போற சூடு) வழி இல்லை. சுவருக்கு வெள்ளிப் பூச்சுப் பூசினால், கதிராப் போற சூடும் குறையும். மிச்சம் இருக்கிற வழி, ரெண்டு சுவரும் சேருற கழுத்தும் மூடியும்தான். அவர் காப்புரிமை எடுக்கேல்லை. பிறகு ஜெர்மன்காரர் 1904இல தேர்மொஸ் எண்டு பேர் வைச்சு விக்கத் தொடங்கிச்சினம். அந்த வெற்றிடம் போனால் மிஞ்சுறது ரெண்டு சுவர் வைச்ச ஏதனம்.

பாத்திரக்கடைத் தம்பி:
மாஸ்ரர், நீங்கள் சொல்லுற சோதினை சரி. ஆனால் வெற்றிடம் எப்ப போனது எண்டு அந்தச் சோதினை சொல்லாது. போத்தலை வாங்கிக் கொண்டு போய்ச் சீமெந்து நிலத்தில விழுத்துவினம். அடியில நெளிவு வந்தால் ஒட்டின இடம் வெடிக்கும், இல்லாட்டி வெளிச்சுவர் உள்சுவரில முட்டும். பேந்து என்னட்டக் கொண்டு வந்து, நான் குடுத்ததே அப்பிடித்தான் எண்டு சண்டை பிடிப்பினம். நான் கொழும்பில இருந்து பெட்டியாய் எடுக்கிறன். மொத்த வியாபாரி ஒண்டையும் திருப்பி எடுக்க மாட்டார். நட்டம் ஆருக்கு?

வடமராட்சியான்:
என்ர போத்தலில ஒரு நெளிவும் இல்லைத் தம்பி. கீறல் கூட இல்லை.

இரவுத்தாதி:
நான் வாட்டில வேலை செய்யிறனான். தேத்தண்ணி ஆறினால் மனவருத்தத்தோட முடிஞ்சிடும். அதைவிடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு. தாய்ப்பால் போதாத பச்சைப்பிள்ளையளுக்கு இரவில பால்மா கரைக்க, தாய்மார் பிளாஸ்க்கில சுடுதண்ணி வைச்சிருப்பினம். பால்மா கரைக்கிற தண்ணி 70 பாகைக்குக் குறையக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஏன் எண்டால் பால்மா கிருமி நீக்கின பொருள் இல்லை. அதில இருக்கக்கூடிய கிருமியை அந்தச் சூடுதான் கொல்லும். கரைச்ச பிறகு போத்தலைக் குளிர்தண்ணியில பிடிச்சு ஆற வைச்சுத்தான் குடுக்கவேணும்.

வெற்றிடம் இல்லாத பிளாஸ்க்கில இரவு 9 மணிக்கு ஊத்தின தண்ணி 2 மணிக்கு என்ன சூட்டில இருக்கும்? அந்தத் தாய்க்குத் தெரியாது. மூடியில சிவப்பு இலக்கம் காட்டுற போத்தலை நம்பி இருக்கினம். அந்தக் கருவி மூடிக்குள்ள இருக்கு, அது காட்டுறது மூடிக்குக் கீழ இருக்கிற ஆவியின்ர சூடு. தண்ணியின்ர சூடெண்டு அதை எடுக்க ஏலாது.

இன்னொண்டு: கரைச்ச பாலையோ பால்தேத்தண்ணியையோ பிளாஸ்க்கில மணிக்கணக்கா வைக்காதேங்கோ. 60 பாகைக்குக் கீழ இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். நோயாளிக்குக் கொண்டு வாறதெண்டால் பிளேன்ரீயை அல்லது மல்லித்தண்ணியைக் கொண்டு வாங்கோ, பாலைப் பிறம்பா வையுங்கோ.

கோண்டாவில் அன்ரி:
பிள்ளை சொல்லுறது நெஞ்சில படுது. அதாலதான் சொல்லுறன், கண்ணாடி நல்லதெண்டு.

பௌதிக மாஸ்ரர்:
அன்ரி, உங்கட பக்கத்தில ஒரு நியாயம் இருக்கு. கண்ணாடி சூட்டைக் கடத்திறது மிகக் குறைவு. கறையில் உருக்கு, நாங்கள் சில்வர் எண்டு சொல்லுறது, அதைப்போல ஏறக்குறைய 15 மடங்கு கடத்தும். அதாலதான் சில்வர்ப் போத்தலின்ர கழுத்துச் சுவரை மெல்லிசாச் செய்யினம். பழுதில்லாத, ஒடுங்கின கழுத்துள்ள கண்ணாடிப் பிளாஸ்க் நல்லாத்தான் சூடு பிடிக்கும். ஆனால் அதிலயும் வெற்றிடம் போகும். காத்தை உறிஞ்சி எடுத்து அடைச்ச, அடியில இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி நுனி முறிஞ்சால் முடிஞ்சுது.

இரவுத்தாதி:
வாட்டுக்குள்ள கண்ணாடி வேண்டாம் அன்ரி. கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து விழுந்து வெடிச்சால், துண்டு எங்க போனதெண்டு தெரியாது. குடிக்கிறதுக்குள்ளயும் கிடக்கும்.

கோண்டாவில் அன்ரி:
1995இல சண்டையால வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கட பிளாஸ்க்கும் வழியில உடைஞ்சதுதான். அதை மறுக்கேல்லை. வீட்டுக் குசினிக்குள்ள வைச்சிருக்கிறதுக்கு நான் கண்ணாடியைத்தான் சொல்லுவன். ஆஸ்பத்திரிக்கு எண்டால் சில்வர், சரி. அதோட ஒரு சந்தேகம். எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி. பிளாஸ்க்குக்குள்ள வெள்ளையாப் படியுது. அதாலயும் சூடு குறையுமோ?

பௌதிக மாஸ்ரர்:
இல்லை. எங்கட நிலம் சுண்ணாம்புக் கல்லு, அந்தப் படிவுதான் அது. உள்சுவரில படியிறது வெற்றிடத்தைத் தொடாது. ஆனால் மூடி இருக்கிற விளிம்பில படிஞ்சால் மூடி வடிவா இறுகாது, அதால ஆவி போகும். தேசிக்காய்ப்புளி அல்லது வினாகிரி விட்டுச் சுடுதண்ணியில ஊற வையுங்கோ, கரையும். கம்பியால சுரண்டாதேங்கோ.

ஸ்காபரோ ஊரவன்:
ஒரு விசயம் சொல்லிப்போட்டுப் போறன். ஜப்பான் போத்தல் பெட்டியில வெறும் "12 மணித்தியாலம்" எண்டு இருக்காது. 20 பாகை அறையில 95 பாகைத் தண்ணியை நிரப்பி வைச்சால் 6 மணித்தியாலத்துக்குப் பிறகு இத்தனை பாகை எண்டு இலக்கம் போட்டிருக்கும். 12 மணித்தியாலத்துக்குப் பிறகு எத்தனை பாகை எண்டு சொல்லாத விளம்பரத்துக்கு என்ன அர்த்தம்? 35 பாகையும் "சூடு" தானாம் எண்டு வாதாடலாம்.

பௌதிக மாஸ்ரர்:
சரியான கேள்வி. இதையும் சேத்துப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து அறைச் சூடு 30 பாகை. 95க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் 65. உங்கட சோதினை அறையில அது 75. வித்தியாசம் குறையக் குறைய ஆறுற வேகமும் குறையும். அப்ப இங்க ஒரு பிளாஸ்க் சூடு பிடிக்கிறது இன்னும் லேசு. நல்ல ஒரு லீற்றர் போத்தல் நிரப்பி வைச்சால் 6 மணித்தியாலத்துக்குப் பிறகும் 70க்கு மேல நிக்கவேணும். நெல்லியடியில இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக முதல் ஆறுற போத்தலுக்குச் சாட்டுச் சொல்ல இடமே இல்லை.

வடமராட்சியான்:
நன்றி மாஸ்ரர். இதைத்தான் கடையில சொல்ல எனக்கு வாய் வரேல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில, பொருளின்ர தரத்தைப் பொய்யாச் சொல்லி விக்கக்கூடாது எண்டு இருக்கு. அந்த அதிகாரசபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சு முறைப்பாடு குடுக்கப் போறன். கடைத்தம்பி, உங்கள் மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனால் வாங்கினவன் கையில ஒரு வழியும் இல்லாமல் விக்கிறது சரியோ?

பாத்திரக்கடைத் தம்பி:
முறைப்பாடு குடுங்கோ அண்ணை, அது உங்கட உரிமை. ஆனால் பெட்டியில அச்சடிச்சது நான் இல்லை. "12 மணித்தியாலம்" எண்டு போட்டு இறக்கிறவரைக் கேக்காமல், கடைசியா விக்கிற சின்னக் கடையைக் கேட்டால் நாளைக்கு நான் பிளாஸ்க் விக்கிறதையே விட்டிடுவன். அப்ப நீங்கள் ஒன்லைனில, முகம் தெரியாத ஆளிட்ட வாங்குவீங்கள்.

வடமராட்சியான்:
அப்ப கடையில கேத்தில் ஒண்டு வையுங்கோ. வாங்கிற ஆளுக்கு முன்னால கொதிதண்ணி விட்டு, 10 நிமிசம் வைச்சு, தொட்டுப் பாக்க விடுங்கோ. நெளிவு ஆர் செய்தது எண்ட சண்டையே வராது. பல்பைக் கூட எரிச்சுக் காட்டித்தானே விக்கினம்?

பாத்திரக்கடைத் தம்பி:
விலை கூடின போத்தலுக்குச் செய்யலாம். மலிவுச் சாமானுக்குப் 10 நிமிசம் மினக்கெட்டால் கட்டாது.

இரவுத்தாதி:
மலிவானதை வாங்கிறவைதான் தம்பி இரவில பால்மா கரைக்கிறவை. விலை கூடினதை வாங்கிறவையின்ர வீட்டில இலெக்ரிக் கேத்தில் இருக்கு.

பாத்திரக்கடைத் தம்பி:
அக்கா சொல்லுறது விளங்குது. சரி, கேக்கிற ஆளுக்கு, எந்த விலைப் போத்தலெண்டாலும், தண்ணி விட்டுக் காட்டுவன். அப்ப ஒரு கேள்வி. சுடுதண்ணி விட்டுப் பாத்திட்டு, நிறம் பிடிக்கேல்லை எண்டு வாங்காமல் போனால், அந்தப் போத்தலைப் புதுசெண்டு நான் அடுத்த ஆளுக்கு விக்கலாமோ?

வடமராட்சியான்:
விக்கலாம். துடைச்சு, "சோதிச்சது" எண்டு ஒரு துண்டு எழுதி ஒட்டி வையுங்கோ. நான் எண்டால் அதைத்தான் முதல் எடுப்பன்.