செம்பனை முள்ளும் டியூப்லெஸ் டயரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டப் பாதைகளில் மௌண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கல், மேடு, சேறு எல்லாம் சமாளிக்கக்கூடியவை. செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள்தான் பாடாய்ப்படுத்தும். குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டி வரிசைக்கு நடுவில் அடுக்கிவிடுவார்கள். பெருமழை வந்தால் அதில் நாலு பாதைக்கு வந்துவிடும். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் பஞ்சர் ஒட்டுவதிலேயே பாதிக் காலை போய்விடும். அதனால் இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ் ஆக்கினேன், அதாவது உள்ளே டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடித்துக்கொள்ளும். 29 அங்குலச் சக்கரம், 2.3 அங்குல டயர். ரிம், டயர் இரண்டும் டியூப்லெஸுக்கென்று செய்தவைதானா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் காற்றடிப்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் வேலை முழுக்க, ரிம்மின் கம்பித் துளைகளைக் காற்றுப் போகாமல் மூடும் டேப்பில் இருக்கிறது. ரிம்மின் உள்பக்கத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். டேப், ரிம்மின் உள் அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாக இருப்பது நல்லது. நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு மேலேற்றி முடிக்கலாம். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்தால் அடியில் சிக்கிய காற்று வெளியேறும். வால்வுக்குக் கத்தியால் கீறாதீர்கள், கீறல் நீண்டுகொண்டே போகும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் துளை வட்டமாக விழும்.

டயரை ஏற்றியபின் இரண்டு ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் பூசி, வால்வின் உள்முனையைக் கழற்றிவிட்டேன். அப்போதுதான் காற்று ஒரே மூச்சில் உள்ளே போகும். கைப்பம்புக்கு டயர் மசியவில்லை. பக்கத்து மோட்டார் கடைக்குத் தூக்கிப்போனேன். கழற்றிய முனையைத் திரும்ப மாட்டி, சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் ஒரு சின்னப் பித்தளை மாற்றியைத் திருகினால் கடைக் குழாய் பொருந்தும். “தம்பி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவேன், மோட்டார் டயர் மாதிரி இது தாங்காது” என்றார் கடை அண்ணன். சரியாகச் சொன்னார். ரிம்மில் குறித்த அளவைத் தாண்டக்கூடாது, நான் 40 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் விடுவதில்லை. டப், டப் என்று ஓரம் போய் உட்கார்ந்தது. டயரைச் சுற்றி ஓடும் கோடு எல்லா இடத்திலும் ரிம்முக்கு ஒரே உயரத்தில் தெரிந்தால் சரி. அப்புறம் காற்றை இறக்கி, முனையைக் கழற்றி, வால்வு வழியாக ஏறத்தாழ 100 மில்லி சீலன்ட் (துளையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி, முனையை மாட்டித் திரும்ப அடித்தோம்.

சீலன்ட் குப்பியைத் திறந்ததும் பெரியப்பா எட்டிப்பார்த்தார். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர். மோந்து பார்த்து, “இது நம்ம மரத்துப் பாலுதானடா, அமோனியா போட்டிருக்கான்” என்றார். உண்மைதான். பல சீலன்டுகளுக்கு அடிப்படை இயற்கை ரப்பர் பால். மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) பால் உறையாமலிருக்கத் தோட்டத்தில் அமோனியா விடுவார்களே, குப்பியிலும் அதற்காகத்தான். அளவு அதிகமானால் அலுமினிய ரிம்மை அரிக்கும் என்பதால் அமோனியா குறைந்ததாகப் பார்த்து வாங்குவேன்.

அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முன் டயரில் ஒரு முள் குத்தி நின்றது. பிடுங்கியதும் ஸ்ஸ் என்று சத்தம், வெள்ளை நுரை. துளை அடியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தேன். சத்தம் மெலிந்து நின்றது. துளைமேல் கடுகளவு ரப்பர் பொட்டு. வெட்டிய பட்டையில் ஒட்டுப்பால் படிவது அப்படித்தான். எங்கள் ஊர் ஆட்கள் காலங்காலமாக வாளியில் சுமந்த பால் அது, எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இப்போது முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ. டியூப் இருந்தால் இவ்வளவு குறைவாக வைக்க முடியாது, வேரில் மோதினால் ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். ஈரச் செம்மண்ணில் பிடிப்பு நன்றாகவே கூடியிருக்கிறது. நம் வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், தளும்பும் சத்தம் இல்லையென்றால் ஊற்ற வேண்டியதுதான்.

டயரின் பக்கவாட்டைக் கூரான கல் கிழித்துவிட்டால் சீலன்ட் உதவாது. ஒரு டியூப் பையில் இருக்கட்டும். அதை மாட்ட முதலில் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும், அதனால் அதன் நட்டைக் குறடு போட்டு இறுக்காமல் கையாலேயே முடுக்கி வையுங்கள்.