நிலத்தடியில் சேர்த்த தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

ஓடைக்கரை:
கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே கெர்ன் தண்ணீர் வங்கி இருக்கிறது. கெர்ன் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல் பூமி, ஏறக்குறைய 20,000 ஏக்கர். மழை மிகுந்த ஆண்டில் குளங்களில் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவார்கள், வறட்சியில் போர்வெல் வழியாக எடுப்பார்கள். சுமார் 15 லட்சம் ஏக்கர் அடி பிடிக்கும் (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி). நம் கணக்கில் 65 டி.எம்.சி.; மேட்டூரே நிரம்பினால் 93.47தான். வறட்சிக்கால இருப்புக்கென்று 1988இல் மாநில அரசு வாங்கிய நிலம் இது. 1994இல் மான்டரே நகரில் பொதுமக்களை உட்காரவைக்காமல் பேசி முடித்த ஒப்பந்தத்தால், அரசிடம் நீர் வாங்கும் உள்ளூர் அமைப்புகளின் கைக்கு மாறியது. இன்று பாதிக்கு மேல் பங்கு, பாதாமும் பிஸ்தாவும் விளைவிக்கும் ரெஸ்னிக் தம்பதியின் வொண்டர்ஃபுல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில். பொதுப்பணத்தில் வாங்கியதை இப்படிக் கொடுத்தது தவறு.

நீர்க்கணக்கு:
சும்மா கொடுக்கவில்லை. அரசு தங்களுக்குத் தருவதாக எழுதிக்கொடுத்த நீரில் ஆண்டுக்கு 45,000 ஏக்கர் அடி ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினார்கள். அரசு ஏழெட்டு ஆண்டு கையில் வைத்திருந்தும் அதை ஓட்டிக் காட்ட முடியவில்லை. குளம் வெட்டி, கிணறு போட்டு, கால்வாய் இழுத்தது வாங்கியவர்கள்தான். நான் இறக்கிய நீரை நானே எடுக்கலாம் என்ற உறுதி இல்லையென்றால் யார் பணம் போடுவார்?

ஓடைக்கரை:
அந்த 45,000 காகிதத் தண்ணீர். அணை, கால்வாய் வழியாக நீர் வழங்கும் மாநில நீர்த் திட்டம் எழுதிக்கொடுத்த மொத்த ஒதுக்கீடு சுமார் 42 லட்சம் ஏக்கர் அடி. அத்தனையையும் தரும் அளவுக்கு அணைகளும் கால்வாய்களும் கட்டி முடிக்கப்படவே இல்லை. வராத நீரைத் திருப்பிக் கொடுத்து, கையில் நிற்கும் நிலத்தை வாங்குவது என்ன பரிமாற்றம்? 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்றது.

நீர்க்கணக்கு:
அறிக்கை போதாது என்றால் உரிமை செல்லாது என்று ஆகிவிடாது. வெளியிலிருந்து கொண்டுவந்து நிலத்தடியில் சேர்த்த நீரை, சேர்த்தவரே திரும்ப எடுக்கலாம். 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஃபெர்னாண்டோ வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமே சொன்னது அது.

மணற்கேணி:
இரண்டு பேரும் ஒன்றை விடுகிறீர்கள். நீர் ஒன்று, அது உட்காரும் இடம் இன்னொன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து நிலத்தடி நீர்ப் படுகை ஒன்றைப் பற்றிய 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நிலத்தடியில் காலியாக இருக்கும் சேமிப்பிடம் பொதுச்சொத்து என்றது. மேலே நிலம் வைத்திருப்பதாலோ பம்ப் செய்யும் உரிமையாலோ அந்த இடம் உங்களுடையது ஆகாது. கெர்னில் இது வெறும் சட்ட வாதமும் அல்ல. 2007இல் தொடங்கிய வறட்சியில் வங்கி ஒரேயடியாக இறைத்தபோது சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் இறங்கியது, பக்கத்து நீர் மாவட்டங்கள், அதாவது அங்கே நீரை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகள், வழக்குப் போட்டன. உன் கணக்கில் உள்ள நீரைத்தான் எடுத்தாய், சரி. அதை எத்தனை வேகத்தில், எந்தக் கிணற்றில் எடுக்கிறாய் என்பதில் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பேச்சு உண்டு.

நீர்க்கணக்கு:
வேகம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சுற்றுக் கிணறுகளின் மட்டத்தை அளந்து, ஒரு எல்லைக்குக் கீழே போனால் பம்பை நிறுத்து என்று விதி வையுங்கள். கலிபோர்னியாவின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபின் அதற்கு வழியும் இருக்கிறது. ஆனால் வங்கியையே அரசு திரும்ப எடுக்க வேண்டும் என்றால் சம்மதிக்க மாட்டேன்.

ஓடைக்கரை:
விதி மட்டும் போதாது. பாதாம் மரம் நெல் மாதிரி இல்லை, ஒரு வருடம் தரிசு போட முடியாது. அதனால் மோசமான வறட்சியில்தான் அவர்கள் அதிகம் இறைப்பார்கள், ஊர்க் கிணறு வற்றுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் பம்பை நிறுத்தும் அதிகாரம் பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் கையில் இருக்கக் கூடாது. சேர்த்த நீரில் ஒரு பகுதியை எடுக்காமல் நிலத்திலேயே விடவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்டால், பத்திரம் யார் பெயரில் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

நீர்க்கணக்கு:
ஒரு பகுதியை விடுவது நியாயம். எவ்வளவு என்பதைப் படுகையின் அளவீடு சொல்லட்டும். நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதில் மட்டும் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை.