ஃபியட் பாடி பாதியில நிக்குது, பனிக்காலம் முடியும்வரை துரு பிடிக்காம வைக்கணும் - உதவி தேவை

காந்தல்_கார்:
அப்பாவோட பழைய ஃபியட். டிங்கரிங் முடிஞ்சு, பள்ளத்தை நிரப்புற பட்டி வச்சு, அடிப்பூச்சா பிரைமர் அடிச்சதோட நிக்குது. அங்கங்க இன்னும் வெறும் தகடுதான். பெயின்டர் ஊருக்குப் போயிட்டார், பொங்கல் கழிச்சுத்தான் வருவாராம். காலையில தொட்டுப் பார்த்தா பாடி முழுக்க ஈரம். எதைப் போட்டு மூடினா துரு பிடிக்காது? சீக்கிரம் சொல்லுங்க.

வைகை_வீல்ஸ்:
எந்த ஊர்? ஷெட்டுக்குள்ளயா, வெளியிலயா? எங்க மதுரையில ரெண்டு நாள் வெயில்ல விட்டாலே எல்லாம் காஞ்சிடும்.

சேலம்_ஸ்பேனர்:
நல்ல தார்ப்பாய் வாங்கி தரை வரைக்கும் இறுக்கிக் கட்டுங்க. வெறும் தகடு இருக்கிற இடத்துல கழிவு ஆயிலைத் துணியில தொட்டுத் தடவுங்க. எங்க ஒர்க்‌ஷாப்ல அப்படித்தான் செய்வோம்.

பாடிஷாப்_மூத்தவர்:
ஆயில் தடவவே கூடாது. பட்டியோட ஓரத்துல இறங்கிடுச்சுன்னா அப்புறம் எந்த தின்னர் போட்டும் எடுக்க முடியாது, மேல அடிக்கிற பெயின்ட் குழிகுழியா விலகும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினா உள்ள இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாம தகட்டுலயே படியும். இது அடிப்படை விஷயம். தெரியாதவங்க பதில் போடாம இருந்தாலே போதும்.

தம்பி, கேட்கும்போதே விவரம் சொல்லணும். பிரைமர்னா எந்த பிரைமர்? இறுக வைக்கிற ஹார்டனர் கலந்தாரா? பட்டியை தண்ணி விட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ச்சாரா? இதெல்லாம் தெரியாம நான் என்ன சொல்றது?

காந்தல்_கார்:
ஊட்டி, காந்தல். தகர ஷெட், மண் தரை. பிரைமர் சாம்பல் கலர், தின்னர் மட்டும்தான் கலந்தார். வாட்டர் பேப்பர்தான்.

வைகை_வீல்ஸ்:
ஊட்டியா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. உறைபனி விழுற ஊருக்கு நான் சொன்ன வெயில் கணக்கு ஆகாது. துரு மாத்துற கெமிக்கல் கிடைக்கும், பாஸ்பாரிக் ஆசிட் உள்ளது. அதை அடிச்சா போதும்.

ஸ்கார்பரோ_கராஜ்:
நாங்கள் இஞ்ச கனடாவில ஒவ்வொரு குளிர்காலமும் படுற பாடு இதுதான். மண் தரையெண்டா ஈரம் கீழயிருந்துதான் வருது. தடிச்ச பொலித்தீன் விரிச்சு, மேல பலகை போட்டு, காரை அதில ஏத்தி விடுங்கோ. மூடுறதெண்டா காத்துப் போற பழைய பருத்தித் துணி நல்லது. ஈரம் இழுக்கிற மெசின் வாங்கிறதெண்டா கொம்பிரசர் வகை வேண்டாம், அந்தக் குளிருக்கு உள்ளுக்க ஐஸ் பிடிச்சு நிண்டுடும்.

பாடிஷாப்_மூத்தவர்:
கனடாக்காரர் சொன்னது சரி. மிச்சத்தை நான் சொல்றேன், கவனமா படிங்க.

ஹார்டனர் இல்லாத சாம்பல் பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, குடிக்கும். அடியில இருக்கிற பட்டியில டால்க் தூள் நிறைய, அதுவும் குடிக்கும். போதாததுக்கு வாட்டர் பேப்பர் வேற. ராத்திரி தகடு குளிர்ந்து கிடக்கும், விடிஞ்சதும் வர்ற ஈரக்காத்து அது மேல வியர்க்கும். வெளியில ஒண்ணும் தெரியாது, பிரைமருக்கு அடியில துரு ஓடிட்டிருக்கும். பெயின்ட் அடிச்ச பிறகு கொப்புளமா எழும்பும்.

ரெண்டு பாகம் கலக்குற எபாக்சி பிரைமர்தான் ஈரத்தை நிறுத்தும். சாம்பல் பிரைமரைத் தேய்ச்சு எடுங்க, தண்ணி தொடாம. தகடு பளிச்சுன்னு தெரியணும். 10 டிகிரிக்குக் கீழ எபாக்சி சரியா இறுகாது, காத்து மட்டும் சூடா இருந்தா போதாது, தகடும் சூடாகணும். அதனால உச்சி வெயில்ல அடிங்க. ஆசிட் வேண்டாம். சரியாக் கழுவாத ஆசிட் மேல எபாக்சி பிடிக்காது, ஊட்டி ஈரத்துல கழுவினா திரும்பத் துருதான்.

வைகை_வீல்ஸ்:
கழுவித் துடைச்சு உடனே ஹேர் டிரையர் போட்டா ஒண்ணும் ஆகாது, நான் செஞ்சிருக்கேன். இவ்வளவு செலவு பண்றதுக்கு ஒரு அம்பாசடர் வாங்கியிருக்கலாம். அது அடியில தனி சேஸிஸ், அதாவது தனிச் சட்டம் உள்ள வண்டி, பாடி துரு பிடிச்சாலும் கவலை இல்லை.

சேலம்_ஸ்பேனர்:
அம்பாசடருக்கு எங்க சார் தனி சேஸிஸ்? மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3-ங்கிற இங்கிலாந்துக் கார்ல இருந்து வந்த வண்டி, அதுவும் மோனோகாக்தான், பாடியே சட்டமா வேலை செய்யும். 2014-ல உத்தர்பாரா ஃபேக்டரியில நிறுத்துற வரைக்கும் அப்படித்தான்.

வைகை_வீல்ஸ்:
முன்னாடி இன்ஜின் உட்காருற சட்டம் பின்ன என்னவாம்?

சேலம்_ஸ்பேனர்:
அது பாடியோட வெல்டு ஆகி நிக்குது. அடியில படுத்துப் பாருங்க.

பாடிஷாப்_மூத்தவர்:
ரெண்டு பேரும் வேற இழை போட்டுப் பேசுங்க. ஃபியட்டும் மோனோகாக்தான், அதனாலதான் சொல்றேன்: கதவுக்கு அடியில ஓடுற சில் பெட்டி துருவுல போனா வண்டியோட பலமே போச்சு. தம்பி, அதுல தண்ணி வடியற ஓட்டைகளை பட்டி அடைச்சிருக்கான்னு பாருங்க. உள்ள வேக்ஸ் அடிக்கிறது பெயின்ட் முடிஞ்ச பிறகு.

காந்தல்_கார்:
நன்றி எல்லாருக்கும். கோயம்புத்தூர்ல இருந்து எபாக்சி வரவழைச்சு நேத்து மத்தியானம் அடிச்சாச்சு, பக்கத்து ஷெட் அண்ணன் உதவினார். இடது கதவுல பட்டிக்கு அடியில துரு இருந்துச்சு, மொத்தமா எடுத்துட்டோம். தரைக்கு பொலித்தீன் போட்டாச்சு.

பாடிஷாப்_மூத்தவர்:
நல்லது. பெயின்டர் வர்றதுக்குள்ள நாள் ஓடிடும், மேல அடிக்கிறதுக்கு முன்னாடி எபாக்சியை லேசா தேய்க்கச் சொல்லுங்க, இல்லேன்னா பிடிக்காது. சில் ஓட்டை பார்த்தீங்களா?

சேலம்_ஸ்பேனர்:
காந்தல் தம்பி, ஓட்டை என்ன ஆச்சு?