ஹேவ்லாக்கில் 12 மீட்டர் இறங்கினாராம்!

முத்துநகர்க்காரன்:
சேலம் சுப்புவோட அந்தமான் பயணக் குறிப்பைப் படிச்சதிலேர்ந்து வயிறு எரியுது. "எனக்கு நீச்சலே தெரியாது, ஆனாலும் ஹேவ்லாக் தீவுல சிலிண்டர் கட்டி ஸ்கூபா டைவ் பண்ணி 12 மீட்டர் ஆழம் போயிட்டு வந்தேன், யாரும் பயப்படாதீங்க"ன்னு அளந்துவிட்டிருக்காரு. 12 மீட்டர்னா நாலு மாடி உயரம், சாமி! நீமோ ரீஃப்ங்கிற பவளப்பாறைப் பக்கம் கரையிலேர்ந்தே நடந்து இறங்கி, பயிற்சியாளர் இவரு முதுகுல இருக்கிற சிலிண்டரைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டே போக, இவரு பொம்மை மாதிரி மிதந்திருப்பாரு. 5 மீட்டர். மிஞ்சிப்போனா 6.

சேலம் சுப்பு:
அண்ணாச்சி, நீங்க என்கூட வந்தீங்களா? நான் கையெழுத்துப் போட்ட படிவத்துலயே 12 மீட்டர்னு அச்சடிச்சிருந்துச்சுங்க.

முத்துநகர்க்காரன்:
அது உச்ச வரம்பு ஐயா! கத்துக்குட்டியை அதுக்குக் கீழ கொண்டு போகக் கூடாதுன்னு போட்டது. லாரிக்குப் பின்னால 80ன்னு எழுதியிருந்தா அது டீக்கடை வாசல்லயும் 80-லயா நிக்குது?

ரவி வடபழனி:
ரெண்டு பேரும் விட்டுத் தள்ளுங்க. ஸ்கூபாவே காசுக்குக் கேடு. எலிஃபன்ட் பீச்சுக்குப் படகு ஜெட்டியிலேர்ந்து ஸ்பீட்போட்ல போனா, தண்ணி மேல மிதந்துக்கிட்டே பார்க்கிற ஸ்நார்கெலிங்லயே பவளத்தைப் பார்த்துடலாம். பாதிப் பவளம் வெளுத்துப்போய் எலும்பு மாதிரி கிடக்கு, அது வேற கதை.

கடல்புறா:
சுப்புவோட போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மாஸ்க்கோட பட்டை பளிச்னு சிவப்பா இருக்கு. தண்ணிக்குள்ள முதல்ல காணாமப்போற நிறமே சிவப்புதான். 12 மீட்டர்ல அந்தப் பட்டை சாம்பலும் பழுப்புமா தெரியணும்.

சேலம் சுப்பு:
கேமராவுல லைட் இருந்துச்சு. லைட் அடிச்சா சிவப்பு சிவப்பாத்தான் தெரியும். கடல்ல விஞ்ஞானம் பேசறவங்களுக்கு இது தெரியாதா?

முத்துநகர்க்காரன்:
சரி, லைட்டு இருந்ததுன்னே வச்சுக்குவோம். காது? 10 மீட்டர்ல அழுத்தம் தரையில இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. இறங்க இறங்க மூக்கைப் பொத்திக் காத்தை ஊதி ஊதிக் காதைச் சரிபண்ணிக்கிட்டே போகணும். உங்க குறிப்புல மீன் வருது, ஆமை வருது, ரிசார்ட்டுல தின்ன பரோட்டாகூட வருது, காதைப் பத்தி ஒரு வரி இல்ல. எங்க ஊர்ல சங்கு குளிக்கப் போன பெருசுகளைக் கேளும். சிலிண்டரு, மாஸ்க்கு எதுவும் இல்லாம மூச்சடக்கி இறங்கின ஆளுங்க. காதுல ரத்தம் வந்த கதையைத்தான் முதல்ல சொல்லுவாங்க. அவங்க யாரும் போட்டோ போட்டுப் பீத்திக்கல.

சேலம் சுப்பு:
தூத்துக்குடியில பிறந்தா கடலையே பட்டா போட்டுக் குடுத்துடுவாங்களா? மூக்கைப் பொத்தி ஊதத்தான் செஞ்சேன். அதையெல்லாம் எழுதணுமா?

தீவுக்காரி:
நான் போர்ட் பிளேர்லயே பிறந்து வளர்ந்தவ. முதல் தடவை வர்றவங்களை ஆழமா கூட்டிட்டுப் போறது அபூர்வம். டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ் மாதிரி இடங்கள் முறையா படிச்சு அனுபவப்பட்ட டைவர்களுக்கு. ஆனா சுப்பு சார் அன்னைக்கு எவ்வளவு போனாருன்னு பயிற்சியாளர் கையில கட்டியிருந்த, ஆழத்தைப் பதியற டைவ் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

தமிழ்வேந்தன்77:
சகோதரி, போர்ட் பிளேர் இல்லை, 2024 செப்டம்பர்லேர்ந்து ஸ்ரீ விஜய புரம். சோழர் கடற்படைத் தளம் இருந்த மண்ணுன்னு அரசாங்கமே சொல்லுது. பெருமையோட சொல்லுங்க.

கடல்புறா:
ராஜேந்திர சோழன் 1025-ல படை எடுத்துப் போய் அடிச்ச நாடுதாங்க ஸ்ரீவிஜயம். அந்தப் பேரை வச்சுட்டு சோழர் பெருமைங்கறீங்க.

தமிழ்வேந்தன்77:
வரலாறு தெரியாம உளறாதீங்க. விஜயம்னா வெற்றி, அந்த அர்த்தத்துல வச்ச பேரு.

முத்துநகர்க்காரன்:
சோழரை விடுங்க, அவங்க தண்ணிக்கு மேலதான் கப்பல் விட்டாங்க. நான் 12 மீட்டரைப் பத்திக் கேட்டேன். பதிலக் காணோம். இந்தாளு போன வருஷம் லட்சத்தீவு விவாதத்துலயும் இப்படித்தான். பெர்மிட் இல்லாமலே போகலாம்னு அடிச்சுவிட்டு, நாலு பேர் கேட்டதும் பதிவையே அழிச்சுட்டு ஓடினவரு.

சேலம் சுப்பு:
அழிச்சது நான் இல்லீங்க, நிர்வாகி. ஆதாரம் இல்லாம பேசாதீங்க.

ஜெயந்தி மதுரை:
நடுவுல ஒரு சந்தேகம். சுப்பு சார் டைவ் பண்ணின மறுநாள் காலையிலேயே விமானம் ஏறினதா எழுதியிருக்கார். அது ஆபத்தில்லையா? 24 மணி நேரம் ஆகணும்னு கேள்விப்பட்டேன்.

சேலம் சுப்பு:
ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம் போதும்மா. பல டைவ்னாதான் 18. இதையும் படிச்சுட்டுத்தான் போனேன்.

முத்துநகர்க்காரன்:
உமக்கு 12-ஐ விட்டா வேற எண்ணே வராதா?

ரவி வடபழனி:
நான் சொன்னதை யாருமே கண்டுக்கல. ஹேவ்லாக்ல ராதாநகர் கடற்கரைக்குப் போனீங்களே சுப்பு, சூரியன் மறையறதைப் பார்த்தீங்களா? டிசம்பர்ல அங்க அஞ்சு மணி வாக்குலயே சூரியன் கடலுக்குள்ள போயிடும். நம்ம ஊர்க் கணக்குல ஆறு மணிக்கு மெதுவா போறவங்க இருட்டைத்தான் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. 2004-ல டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரைன்னு சொன்ன இடம்.

கடல்புறா:
2004-ல சொன்னதை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவாங்க?

தீவுக்காரி:
2020-ல, சுத்தமான கடற்கரைக்குத் தர்ற நீலக்கொடிச் சான்றிதழும் கிடைச்சிருக்கு சார். எங்க கடற்கரையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உங்க மெரினாவுல செருப்பில்லாம நடந்து காட்டுங்க.

சுப்பு சார், உங்க கடைசி போட்டோவைப் பார்த்துட்டுத்தான் நான் இங்க எழுதவே வந்தேன். நட்சத்திர மீனைத் தண்ணிக்கு வெளியில தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறீங்க. அது உயிருள்ள ஜீவன், வெளியில எடுத்தா செத்துப்போகும். பவளத் துண்டு பொறுக்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க. கரையில செத்துக் கிடக்கிற பவளமா இருந்தாலும் எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, விமான நிலையத்துல பையை ஸ்கேன் பண்ணிப் பிடிக்கிறாங்க.

சேலம் சுப்பு:
நானா எடுத்தேன்? நீல் தீவுல கண்ணாடிப் படகுக்காரர்தான் எடுத்துக் கையில குடுத்தாரு. வாங்காம இருக்க முடியுமா?

தீவுக்காரி:
வேணாம்னு சொல்ல ஒரு நொடி ஆகுமா? நீங்க காசு குடுக்கறதாலதான் அவர் எடுக்கறாரு.

தமிழ்வேந்தன்77:
நீல் இல்லை, ஷஹீத் த்வீப். ஹேவ்லாக் இல்லை, ஸ்வராஜ் த்வீப். 2018-லேயே மாத்தியாச்சு.

ரவி வடபழனி:
அங்க ஜெட்டியில டிக்கெட் கேட்கும்போது ஸ்வராஜ் த்வீப்னு சொல்லிப் பாருங்க, பின்னாடி நிக்கிறவர் "ஹேவ்லாக்கா?"ன்னு கேட்பார்.

முத்துநகர்க்காரன்:
நட்சத்திர மீனைக்கூடப் படகுக்காரர் கையிலேர்ந்துதான் வாங்கியிருக்காரு பாருங்க! அடியிலேர்ந்து தானே எடுத்து வந்திருந்தாலாவது நம்பியிருப்பேன். சுப்பு, அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு மெசேஜ் போட்டு, கம்ப்யூட்டர்ல அன்னைக்குப் பதிவான ஆழத்தைக் கேட்டு இங்க போடும். அதுவரைக்கும் நான் விடப்போறதில்ல.

சேலம் சுப்பு:
உங்களுக்கு நிரூபிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்துங்க? நான் பாரட்டாங் சுண்ணாம்புக் குகை பத்தி அடுத்த பாகம் எழுதறேன், பிடிச்சவங்க படிங்க.

தீவுக்காரி:
அதை எழுதும்போது, போற வழியில காட்டுக்குள்ள இருக்கிற ஜாரவா பழங்குடி மக்களோட போட்டோ ஏதாவது இருந்தா இப்பவே அழிச்சுடுங்க சார். எடுக்கறதே குற்றம்.

சேலம் சுப்பு:
நான் எடுக்கவே இல்ல!

முத்துநகர்க்காரன்:
யாரும் எடுத்தீருன்னு சொல்லலையே. ஏன் பதறுதீரு?