ஷோல்டர் கேமராவா, ஹேண்டியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

பென்னாகரத்தான்27 (செவ்வாய், இரவு 11.42)
எல்லோருக்கும் வணக்கம். வீடியோ கேமரா வாங்கப் போகிறேன். தோளில் வைக்கிற ஷோல்டர் நல்லதா, கையில் பிடிக்கிற ஹேண்டி மாடல் நல்லதா? ஒருவர் ஷோல்டர் ஒன்று வைத்திருக்கிறார். வெள்ளிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். அவசரம்.

வத்தல்மலை (இரவு 11.50)
பட்ஜெட்?

மாங்கொட்டை (இரவு 11.58)
எதை எடுக்கப் போகிறீர்கள்? கல்யாணமா, எருது விடும் விழாவா, லோக்கல் சேனலா? அந்த ஷோல்டர் என்ன மாடல்? புதுசா, கை மாறியதா? இதையெல்லாம் சொல்லாமல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர் குளிர் (புதன், காலை 6.15)
கண்ணை மூடிக்கொண்டு சோனி என்எக்ஸ் 100 வாங்குங்கள். ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), 12 மடங்கு ஜூம், மைக் வயர் சொருக இரண்டு எக்ஸ்எல்ஆர், இரண்டு கார்டு. நான் வைத்திருக்கிறேன். வேறு பேச்சே வேண்டாம்.

பழைய டேப்பு (காலை 7.30)
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். வண்டி வாங்கலாமா, காளை வாங்கலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. முதலில் ஷோல்டர் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வாருங்கள் தம்பி.

ஷோல்டரில் இரண்டு ஜாதி. ஒன்று, டிவி ஸ்டேஷன்காரர்கள் வைத்திருப்பது. 2/3 அங்குல சென்சார் மூன்று, கழற்றி மாட்டும் பி4 வகை லென்ஸ், முதுகில் வி-மவுண்ட் என்ற பெரிய பேட்டரி. எல்லாம் சேர்ந்தால் ஐந்தாறு கிலோ. ஆனால் முன்னால் லென்ஸ், பின்னால் பேட்டரி, நடுவில் தோள் என்று தராசு மாதிரி நிற்கும். தோள், கண், கை என்று மூன்று இடத்தில் பிடிப்பு இருப்பதால் படம் ஆடாது. அந்த எடைதான் அதன் பலமே.

இன்னொன்று, ஹேண்டிகேமின் உறுப்புகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, அடியில் தோள்பட்டை மெத்தை ஒட்டியது. நம் ஊர் கல்யாணங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். உங்கள் ஆள் விற்பது எது? அதைச் சொல்லாமல் அவசரம் என்றால் யாருக்கு அவசரம்?

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (காலை 8.05)
டேப்பு அண்ணன் என்ன சொன்னாலும் சரி, தொழில் பண்ணுகிறவனுக்கு ஷோல்டர்தான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனால் கூட்டம் தானாக வழி விடும். ஹேண்டியோடு நின்று பாருங்கள், யாரோ ஒரு பெரியப்பா வந்து "தம்பி, அந்தச் சேரைக் கொஞ்சம் எடுத்துப் போடு" என்பார். எனக்கே நடந்திருக்கிறது.

தூக்கம்கெட்ட எடிட்டர் (காலை 8.40)
வழி விடுவது இருக்கட்டும். நீங்கள் எடுத்த ஷோல்டர் ஃபுட்டேஜ் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தானே வருகிறது? மணமக்கள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் நின்ற உயரத்தில் எடுக்கிறீர்கள். முகூர்த்தம் முழுக்க எல்லோருடைய உச்சந்தலைதான் தெரிகிறது. ஐயருக்கு எங்கே வழுக்கை என்று எனக்கு மனப்பாடம். ஹேண்டி என்றால் மேல் கைப்பிடியைப் பிடித்து இடுப்புக்குக் கீழே இறக்கி, திரையை மேல்நோக்கித் திருப்பி எடுக்கலாம். முகம் வரும்.

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (காலை 8.52)
முட்டி போட்டு எடுத்தால் ஷோல்டரிலும் முகம் வரும்.

தூக்கம்கெட்ட எடிட்டர் (காலை 8.55)
போடுகிறீர்களா?

பென்னாகரத்தான்27 (மதியம் 1.20)
எல்லோருக்கும் நன்றி. பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள். ஷோல்டர் சோனிதான், எம்சி 2500 என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. 65 ஆயிரம் சொல்கிறார். நல்ல கண்டிஷன். இப்போது சொல்லுங்கள்.

வத்தல்மலை (மதியம் 1.24)
எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

பழைய டேப்பு (மதியம் 2.10)
நினைத்தேன். நான் சொன்ன இரண்டாவது ஜாதி. அதில் இருப்பது ஒரே ஒரு 1/4 அங்குல சென்சார். பேட்டரியும் ஹேண்டிக்குப் போடுகிற அதே என்பி-எஃப் வகைதான். பகல் வெளிச்சத்தில், நல்ல லைட் போட்ட ரிசப்ஷன் மேடையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெட்டியின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு அங்குல சென்சார் என்றால் அளந்தால் ஒரு அங்குலம் வராது, 13.2 க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பழைய காலத்துக் கேமரா ட்யூபின் வெளிச்சுற்று அளவை வைத்து வந்த பெயர். 1/4 அங்குலம் என்பது சுமார் 3.6 க்கு 2.7. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இரவில் அதுதான் படத்தில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும்.

ஓசூர் குளிர் (மதியம் 2.31)
அதைத்தான் காலையிலேயே சொன்னேன். என்எக்ஸ் 100.

மாங்கொட்டை (மாலை 4.00)
ஹேண்டி ஹேண்டி என்கிறீர்கள், மூன்று மணி நேரம் கையில் பிடித்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கிலோதான், ஆனால் எடை முழுவதும் முன்பக்கம் தொங்குகிறது. மணிக்கட்டு கழன்றுவிடும். போன தையில் காவேரிப்பட்டணம் பக்கம் எருது விடும் விழா எடுத்துவிட்டு மறுநாள் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. ஷோல்டராக இருந்திருந்தால் தோள் வாங்கிக்கொண்டிருக்கும்.

வத்தல்மலை (மாலை 4.12)
ஆனால் ஷோல்டரை வைத்துக்கொண்டு காளைக்கு வழிவிட்டு ஒதுங்க முடியுமா? வலது கண் வியூஃபைண்டரில், வலது பக்கம் பெட்டி மறைக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மாடு வந்தால் வந்தபிறகுதான் தெரியும்.

மாங்கொட்டை (மாலை 4.15)
எந்தக் கேமரா என்றாலும் தடுப்புக்கு உள்ளே இறங்கக் கூடாது. அது வேறு விஷயம்.

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (மாலை 5.30)
இதையெல்லாம் விடுங்கள். உண்மையான பிரச்சினை, போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாகப் போட்டோ எடுக்கிற கேண்டிட் பசங்கள். நாம் அரை மணி நேரமாக இடம் பிடித்து நிற்போம், தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் மிரர்லெஸ் கேமராவோடு ஒருவன் குறுக்கே வந்து நிற்பான். ஃபிரேம் முழுக்க அவன் முதுகு. அதற்காகவே பெரிய கேமரா வேண்டும் என்கிறேன், இடித்தாலாவது தெரியும்.

ஓசூர் குளிர் (மாலை 5.44)
அண்ணா, நானும் கேண்டிட் எடுக்கிறேன். நீங்கள் அட்சதை போடும்போது 1000 வாட்ஸ் லைட்டைத் தூக்கி முகத்தில் அடிக்கிறீர்களே, அது மட்டும் சரியா? பெண்ணுக்குக் கண் திறக்க முடிவதில்லை. போட்டோ முழுக்கக் கண் மூடிய மணப்பெண்.

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (மாலை 5.50)
அந்த லைட் காலம் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. இப்போது எல்இடிதான்.

ஓசூர் குளிர் (மாலை 5.52)
அதையும் முகத்தில்தானே அடிக்கிறீர்கள்.

பழைய டேப்பு (மாலை 6.20)
பானாசோனிக் எம்டி 10000 கேமரா தோளில் இருந்த காலத்தில் போட்டோக்காரரும் வீடியோக்காரரும் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். நீ முதலில், நான் அப்புறம். மினி டிவி என்ற சின்ன கேசட் ஒரு மணி நேரம்தான் ஓடும், அதனால் எதை எடுக்க வேண்டும் என்று யோசித்து எடுத்தோம். இப்போது கார்டு நிறைய இருக்கிறது, யோசனைதான் இல்லை.

வத்தல்மலை (மாலை 6.25)
கேள்வி கேட்டவர் எங்கே?

பென்னாகரத்தான்27 (வியாழன், காலை 5.55)
மன்னிக்கவும், டவர் இல்லை. எடுக்கப் போவது கூத்து. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. கடைசி மூன்று ராத்திரியும், மறுநாள் காலை துரியோதனன் வதம் நடக்கிற படுகளமும் எடுத்துத் தரச் சொல்லிக் கமிட்டியில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும் வரை. இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மாங்கொட்டை (காலை 6.10)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம்.

தூக்கம்கெட்ட எடிட்டர் (காலை 7.45)
தம்பி, எட்டு மணி நேரக் கூத்தை யாரும் தோளில் வைத்தும் எடுக்க மாட்டார்கள், கையில் பிடித்தும் எடுக்க மாட்டார்கள். ட்ரைபாட். கேமராவை ஆட்டாமல் வழுக்கித் திருப்பும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள ஸ்டாண்டு, உட்காரும் ஜனங்களுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமாக. ஸ்டாண்டில் ஏறிவிட்டால் ஷோல்டர், ஹேண்டி என்ற சண்டையே கிடையாது. இத்தனை பேரும் நேற்று முழுக்கப் பேசியதில் உங்கள் ராத்திரி வேலைக்கு உதவுவது சென்சார் அளவு ஒன்றுதான். அந்த விஷயத்தில் ஒரு அங்குல ஹேண்டி ஜெயிக்கிறது.

ஆனால் ஓசூர் தம்பி சொல்லாததைச் சொல்கிறேன். என்எக்ஸ் 100 லென்ஸின் திறப்பு எண் வைடில் 2.8, ஜூமை முழுக்க இழுத்தால் 4.5. எண் கூடினால் வெளிச்சம் குறையும். உள்ளே வரும் வெளிச்சம் நாற்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கும். கடைசி வரிசையில் நின்று கட்டியக்காரன் முகத்தை இழுத்தால் படம் இருட்டும், அதை ஈடுகட்டக் கேமராவின் மின் பெருக்கமான கெயின் ஏறும், புள்ளி வரும். ஆகையால் பாதி ஜூமில் ஆள் கிடைக்கிற தூரத்தில் ஸ்டாண்டைப் போடுங்கள். ட்யூப் லைட் இருந்தால் ஷட்டர் நொடியில் 50ல் ஒரு பங்கு அல்லது 100ல் ஒரு பங்கு. கேமராவின் பதிவு முறை 60ஐ-யில் இருந்தால் 50ஐ-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படம் துடிக்கும். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐரிஸ் வேண்டாம். வேஷக்காரரின் தோள் அணியான புஜகீர்த்தியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்துண்டு ஒவ்வொரு முறை மின்னும்போதும் முகம் இருண்டு இருண்டு வெளுக்கும். ஆட்டோ ஃபோகஸும் வேண்டாம், திரையைப் பிடித்துக்கொண்டு வேஷம் வரும்போது அது திரையைத்தான் பார்க்கும்.

பழைய டேப்பு (காலை 8.30)
எடிட்டர் சொன்னது சரி. ஒன்றை விட்டுவிட்டார். கூத்துக்குப் பாதி உயிர் சத்தம். முகவீணையும் மிருதங்கமும் பாட்டும் கேமரா மைக்கில் வந்தால் முன்வரிசைக் குழந்தை அழுவதுதான் பெரிதாகக் கேட்கும். மைக் செட்காரரிடம் மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கி எக்ஸ்எல்ஆரில் கொடுங்கள். அங்கே லைன், மைக், மைக் பிளஸ் 48 வோல்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மிக்சரிலிருந்து வருவதற்கு லைன். மைக்கில் விட்டால் விடியும்வரை கரகரவென்று உடைந்துதான் பதிவாகும். 48 வோல்ட்டைத் தவறியும் போடாதீர்கள், மிக்சருக்கே கேடு. இரண்டாவது சேனலில் கேமரா மைக்கைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், மைக் செட்காரர் நடுவில் தூங்கிவிட்டால் அது காப்பாற்றும். அந்த ஷோல்டரில் எக்ஸ்எல்ஆர் கிடையாது, ஹெட்போன் சொருகுகிற மாதிரி சின்ன ஊசி ஓட்டைதான்.

வத்தல்மலை (காலை 8.41)
டேப்பு அண்ணன் திட்டாமல் எழுதியிருக்கிறார். தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்கொட்டை (காலை 9.15)
கார்டு கணக்கு: எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு வகையில் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) என்றால் மணிக்கு 22.5 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 180. 128 ஜிபி கார்டு இரண்டு போட்டு, ஒன்று நிரம்பினால் தானாக அடுத்ததற்குப் போகும் ரிலேயில் விட்டால் ஒரு ராத்திரி அடங்கும். காலையில் இரண்டு இடத்தில் காப்பி எடுக்காமல் கார்டை அழிக்காதீர்கள். 4கே எடுக்கிறேன் என்று சோனி இசட் 150 பக்கம் போனால் 100 எம்பிபிஎஸ்ஸில் இதே ராத்திரிக்கு 360 ஜிபி. கமிட்டிக்காரர்கள் பென்டிரைவில்தான் கேட்பார்கள். என்பி-எஃப் 970 பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும். ஜெனரேட்டரை நம்பி அடாப்டரில் ஓட்ட வேண்டாம், மாற்றும் நேரத்தில் கேமரா அணைந்தால் அந்தக் கிளிப்பு போச்சு.

படுகளத்துக்கு மட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுங்கள். மண்ணில் செய்த துரியோதனன் தரையில் படுத்திருக்கிறான், கூட்டம் சுற்றி நிற்கிறது. தாழ்த்தியும் எடுக்க வேண்டும், தலைக்கு மேல் தூக்கியும் எடுக்க வேண்டும். அங்கே ஹேண்டிதான் லாயக்கு. வெயில் ஏறிவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட மறக்காதீர்கள். மறந்தால் துரியோதனன் வெள்ளைக்காரன் ஆகிவிடுவான்.

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (காலை 9.40)
எல்லாம் சரி. ஆனால் கூத்து முடிந்தபிறகு அந்தக் கேமராவை வைத்துத்தானே கல்யாணம் எடுக்க வேண்டும்? ஆவணியில் முகூர்த்தம் பார்த்து ஆர்டர் பிடிக்கப் போகும்போது என் பேச்சு ஞாபகம் வரும்.

ஓசூர் குளிர் (காலை 9.48)
ஹேண்டிக்கு முன்னால் வெயில் மறைக்கும் பெட்டி மாதிரி ஒரு மேட் பாக்ஸ், மேலே ஒரு நீள மைக், அதற்கு நாய்க்குட்டி மாதிரி ஒரு பஞ்சு உறை. பெரியப்பா எழுந்து நின்று கும்பிடுவார்.

தூக்கம்கெட்ட எடிட்டர் (காலை 10.02)
மூன்று ராத்திரி வேலைக்காக நான்கு நாளில் கேமரா வாங்காதீர்கள் தம்பி. தருமபுரியில் கிடைக்காவிட்டாலும் சேலத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். ஒரு நாள் முன்னாலேயே எடுத்து வந்து மெனு பழகிக்கொள்ளுங்கள்.

வத்தல்மலை (சனி, இரவு 9.00)
என்ன முடிவு செய்தீர்கள்?

மாங்கொட்டை (திங்கள், காலை 7.20)
ஆளைக் காணோம். கூத்தில் இருப்பார்.

பென்னாகரத்தான்27 (வெள்ளி, மதியம் 3.15)
சேலத்தில் என்எக்ஸ் 100 வாடகைக்கு எடுத்தேன். மூன்று ராத்திரியும் முடிந்தது. லைன் சுவிட்ச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, முதல் நாள் மைக்கில்தான் வைத்திருந்தேன், ஹெட்போனில் கேட்டு உடனே மாற்றிவிட்டேன். படுகளம் நன்றாக வந்திருக்கிறது. ஷோல்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. முதல் நாள் கமிட்டித் தலைவர் வந்து பார்த்துவிட்டு "கேமரா இன்னும் வரலையா தம்பி?" என்று கேட்டார்.

தாலிகட்டு ஸ்பெஷலிஸ்ட் (மதியம் 3.17)
சொன்னேனா இல்லையா?

தூக்கம்கெட்ட எடிட்டர் (மதியம் 3.40)
கெயின் எவ்வளவில் வைத்தீர்கள்? மூன்று ராத்திரியையும் யார் எடிட் செய்கிறார்கள்?

வத்தல்மலை (ஞாயிறு, இரவு 8.10)
ஆள் மறுபடியும் டவர் இல்லாத இடத்துக்குப் போய்விட்டார் போல.