புதுப்பிப்பு: நெக்ஸான் ஈவி மின்சார காருக்கு டயர் மாற்றியாச்சு

முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையாமல் எதைப் போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நான்கையும் மாற்றிவிட்டேன், அதே 215/60 ஆர்16 அளவில். கடையில் முதலில் நீட்டியது அகலம் சற்றுக் குறைந்த 205/60. "இதுவும் பொருந்தும் சார், விலையும் கம்மி" என்றார்கள். அதன் லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) 92, அதாவது டயருக்கு 630 கிலோ. என் பழைய டயரில் 95, 690 கிலோ. பேட்டரி எடையைச் சுமக்கிற வண்டியில் அதற்குக் கீழே இறங்கவே கூடாது, மறுத்துவிட்டேன்.

ஓசை நன்றாகக் குறைந்திருக்கிறது. இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் அது எவ்வளவு பெரிய நிம்மதி! ரேஞ்ச் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புது ரப்பர் தடிமனாக இருப்பதால் உருளும்போது தடை அதிகம். ஓட ஓடச் சரியாகும். ஈரச் சாலையில் கிடைக்கும் பிடிமானத்துக்காக அந்தக் கொஞ்ச ரேஞ்சைத் தாராளமாக விட்டுக்கொடுப்பேன்.